விரல் மடங்காத காலைக்கு ஒரு பிரட்: பிசையாமல் சுடும் முழு வழிகாட்டி

காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு, ஏழரை வரை என் விரல்கள் என் பேச்சைக் கேட்காது. முடக்குவாதம் என்ற மூட்டு நோய் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தீக்குச்சியைப் பிடிக்க முடியாது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது, பல் துலக்கும் பிரஷைக்கூட முஷ்டிக்குள் செருகித்தான் பிடிப்பேன். ஆனால் காலை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற நாளில் நான் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அப்புறம் யார் தோசை ஊற்றுவது, யார் சட்னி அரைப்பது?

அப்படித்தான் பிரட் சுட ஆரம்பித்தேன். எங்கள் ஊர் மண்டபத்துக் கடைகளில் பிரட் கிடைக்காமல் இல்லை. எனக்குக் கிடைப்பது இனிப்பாக இருக்கிறது, மீன் குழம்போடு சேராது. மீன் குழம்போடு சேராத பண்டத்தை எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

முதல் தடவை ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன். "பத்து நிமிஷம் நன்றாகப் பிசையுங்கள்" என்றார்கள், பிசைந்தேன். பிரட் அருமையாக வந்தது. மணிக்கட்டு இரண்டும் பிரட்டைவிட நன்றாக உப்பின. மூன்று நாள் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு பல சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், வேலையை நடுவில் எங்கே போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. மூட்டுவலியோ, ஓயாத அசதியோ, டயாலிசிஸோ, எதுவாக இருந்தாலும் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதானே முதலில் தெரிய வேண்டும்? ராமேசுவரம் பாசஞ்சர் பாம்பன், மண்டபம், உச்சிப்புளி என்று நின்று நின்று போவது போல, இந்தச் செய்முறையும் நின்று நின்றுதான் போகும். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் இறங்கி உட்காரலாம் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் உடம்பு

கோதுமையே ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. சர்க்கரை உள்ளவர்கள், அதிலும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வீட்டில் சுட்டதுதானே என்று கணக்கில்லாமல் சாப்பிட வேண்டாம். வீட்டு பிரட்டும் சர்க்கரையை ஏற்றும். ஒரு துண்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு விஷயம்: கோதுமை மாவில் மைதாவைவிடப் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். எந்த மாவு, எவ்வளவு உப்பு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மெத்தோட்ரெக்சேட் போல நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் பச்சை மாவை ருசி பார்க்கக் கூடாது. வேகாத மாவில் கிருமி இருக்கலாம். உப்புச் சரியா என்று விரலில் தொட்டு நாக்கில் வைக்கும் நம் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். அதனால்தான் அளவுகளைக் கிராமில் தருகிறேன்.

பிசையாமல் எப்படி?

கோதுமையில் இருக்கும் இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரில் நனைந்ததும் சேர்ந்து குளூட்டன் என்ற இழையாகின்றன. பிசைவது அந்த இழைகளை வேகமாக உருவாக்கி ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான். மாவைக் கொஞ்சம் தளர்வாகக் கலந்து சில மணி நேரம் சும்மா விட்டால் அதே வேலை தானாகவே நடக்கும். ஈஸ்ட் விடும் காற்று மாவை உள்ளேயிருந்து இழுத்து நீட்டி உதவியும் செய்கிறது. கையில் பலமில்லாதவர்கள் நேரத்தைச் செலவழித்தால் போதும். நேரம் நம்மிடம் நிறைய இருக்கிறது. படுத்துக் கிடக்கும்போதும் மாவு வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

தேவையானவை

மைதா 200 கிராம்
கோதுமை மாவு 100 கிராம்
தண்ணீர் 235 மில்லி
தூள் உப்பு 5 கிராம் (ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன்
துருவிய கருப்பட்டி ஒரு டேபிள்ஸ்பூன்
நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், டின்னில் தடவக் கொஞ்சம் தனியாக

பன்னிரண்டு துண்டு வரும். ஒரு துண்டில் அரை கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேரும்.

தண்ணீரைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்பில் "தண்ணீர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ராமநாதபுரம் கரையில் தண்ணீர் ஒரு தண்ணீர் இல்லை. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு நாலு வகை. ஒருநாள் குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்க்கக் கை ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் வாளியில் இருந்த, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றிக் கலந்துவிட்டேன். உப்பும் வழக்கம் போல ஒரு ஸ்பூன். மாவு எழும்பவே இல்லை, ஏனென்றால் உப்பு கூடினால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். கல் மாதிரி வந்ததைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கருவாட்டுக்கு மாவு தடவிச் சுட்டியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். எந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களோ அதையே மாவுக்கும் எடுங்கள். குடத்தைச் சாய்க்க முடியாத நாளுக்கென்று ஒரு சின்னச் செம்பில் முதல் நாளே எடுத்து மூடி வைத்துவிடுவது நல்லது.

கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி. இனிப்புக்காக அதைச் சேர்ப்பதில்லை, நிறத்துக்கும் மணத்துக்கும்தான். சர்க்கரை போட்டாலும் சரி, போடாவிட்டாலும் பிரட் வரும். கருப்பட்டி என்றால் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும்.

ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் இந்தக் கடல்காற்றில் வெளியே வைக்காதீர்கள். சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சந்தேகம் வந்தால் கால் ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் நுரைக்கவில்லை என்றால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கைக்கு ஏற்ற சாமான்

எடை மெஷின் ஒன்று வாங்குங்கள். கிண்ணத்தை அதன் மேல் வைத்து நேராகக் கொட்டிவிடலாம், கப்பால் அள்ளி அள்ளித் தட்டும் வேலை மிச்சம். கிண்ணம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எவர்சில்வர் கனம், பீங்கான் அதைவிடக் கனம். மூடி என்று தனியாக வேண்டாம், ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும். திருகுமூடி எதுவும் இந்த வேலைக்குள் வரவே கூடாது என்பது என் சட்டம்.

எங்கள் வீட்டு மரக்கரண்டியின் காம்பில் ஒரு பழைய சைக்கிளின் ஹேண்டில் ரப்பர் மாட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் செய்த வேலை. கருப்பு ரப்பர், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். விரலை முழுக்க மடக்காமலே உள்ளங்கையால் பிடித்துக் கிண்டலாம். ரப்பர் கிடைக்காவிட்டால் பழைய துண்டைக் கெட்டியாகச் சுற்றி நூல் கட்டுங்கள். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி போட்டால் வழுக்காது, மற்றக் கையால் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. உட்கார்ந்து செய்யுங்கள்.

முதல் நிறுத்தம்: மாவுப் பொட்டலம்

உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாளில் நாலு தடவைக்கான மாவை மொத்தமாக எடை போட்டு, மைதா, கோதுமை மாவு, உப்பு மூன்றையும் கலந்து நாலு பையில் போட்டு வைத்துவிடுங்கள். ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டாம், அது ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். பையின் வாயை முடிச்சுப் போடாமல் மடித்துத் துணி கிளிப் மாட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வண்டு வரும், கோதுமை மாவு காறலும் அடிக்கும்.

இரண்டாவது: சாயங்காலக் கலவை

எனக்கு விரல் நன்றாக ஓடுவது மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை. உங்களுக்கு வேறு நேரமாக இருக்கலாம். எந்த நேரத்தில் கை நன்றாக இருக்கிறதோ, அந்த நேரத்தில்தான் கலக்க வேண்டும்.

மாவுப் பையைக் கிண்ணத்தில் கவிழ்த்து ஈஸ்ட்டைத் தூவி ஒரு கிண்டு கிண்டுங்கள். கருப்பட்டித் தண்ணீரையும் சேர்த்து மொத்தம் 235 மில்லி. அதை எண்ணெயோடு சேர்த்து ஊற்றி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரைக்கும் கிளறினால் போதும். இரண்டு நிமிஷ வேலை. பதம் உளுந்த வடை மாவு மாதிரி, ஆனால் பிசுபிசுப்பு அதிகம். சப்பாத்தி மாவு போல உருண்டு வந்தால் தண்ணீர் போதவில்லை, இரண்டு ஸ்பூன் சேருங்கள். கட்டி முட்டியாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். தட்டால் மூடிவிட்டுப் போய்ப் படுங்கள்.

அரை மணி கழித்து எழ முடிந்தால், கரண்டியை நனைத்து, மாவின் ஓரத்தை அடியிலிருந்து தூக்கி நடுவில் மடித்துவிடுங்கள். சுற்றி நாலு பக்கமும் நாலு தடவை. கட்டியெல்லாம் போய் வழவழவென்று இழை இழையாக நீளுவதைப் பார்க்கலாம். அரை மணி முன்னால் பார்த்த மாவா இது என்று இருக்கும். எழ முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். துளை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ருசி மாறாது.

மாவு இரண்டு மடங்கு ஆக வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், காற்றைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கத்திரி வெயிலில் ஒன்றேகால் மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அந்த நாட்களில் மண்பானைத் தண்ணீரில் கலப்பது நல்லது. மார்கழியில் வாடை அடிக்கும்போது இரண்டரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் கிண்ணத்தின் வெளியே மாவு நிற்கும் உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தால், எழுந்து போகாமல் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: டின்னும் ஃப்ரிட்ஜும்

பெரும்பாலான குறிப்புகளில் மாவைக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் உருட்டி டின்னில் போடச் சொல்வார்கள். காலையில் உருட்டுவதற்கு விரல் எங்கே? அதனால் நான் ராத்திரியே டின்னில் போட்டுவிடுகிறேன்.

8 அங்குல நீளம், 4 அங்குல அகலமுள்ள பிரட் டின்னில் எண்ணெய் தடவி, அடியிலும் நீள வாக்கிலும் ஒரே காகிதமாக பட்டர் பேப்பர் போடுங்கள். பேப்பர் இரண்டு பக்கமும் டின்னைத் தாண்டி நிற்கட்டும். காலையில் அதைப் பிடித்துத் தூக்கினால் பிரட் வந்துவிடும், டின்னைக் கவிழ்த்துத் தட்ட வேண்டாம். நனைத்த கரண்டியால் மாவை வழித்து டின்னில் தள்ளி, மேலே ஈரக் கரண்டியால் நிரவி, ஒரு பாலிதீன் பையைத் தளர்வாகப் போர்த்தி நேராக ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர் உள்ளே இறங்குகிற வரை மாவு எழும்பிக்கொண்டே இருக்கும். காலையில் டின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நிற்கும்.

இருப்பதிலேயே பெரிய நிறுத்தம் இதுதான். எட்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை மாவு ஃப்ரிட்ஜில் காத்திருக்கும். ராத்திரியில் வலி கூடிவிட்டதா, மறுநாள் எழ முடியவில்லையா, அதற்கடுத்த நாள் சுட்டுக்கொள்ளலாம். லேசாகப் புளிப்பு ஏறும், எனக்கு அது பிடிக்கும். இரண்டு நாளும் போய்விட்டால் ஈரக்கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தட்டி, மூடி போட்டுச் சுட்டுவிடுங்கள். பிரட் என்று பெயர் சொல்ல முடியாதே தவிர, வீணாகாது.

ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் ஈஸ்ட்டை அரைக்கால் டீஸ்பூனாகக் குறைத்து, ராத்திரி பத்து மணிக்குக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து நேராக டின்னில் வைக்கலாம். ஆனால் காலை ஆறரைக்குள் சுட்டாக வேண்டும், மாவு காத்திருக்காது. உடம்பு எப்போது என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்காவது: சுடுவது

காலையில் எழுந்ததும் டின்னை வெளியே எடுத்து வையுங்கள். முழங்கை இரண்டையும் உடம்போடு ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்தால் விரலுக்குப் பாரம் வராது. ஓவனை 200 டிகிரியில் போட்டுவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் ஓவனும் சூடாகிவிடும், மாவின் குளிரும் கொஞ்சம் விட்டிருக்கும். மாவு இன்னும் தாழ்ந்தே இருந்தால் மேலும் அரை மணி விடுங்கள். அப்புறம் நடுத்தட்டில் 35 முதல் 40 நிமிஷம்.

ஓவனைத் தரையிலோ உயரமான அலமாரியிலோ வைக்காதீர்கள், அடுப்பு மேடை உயரம்தான் சரி. எடுக்கும்போது முழங்கை வரைக்கும் வருகிற தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பிடி நழுவுவது சகஜம், மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு எனக்கு இரண்டு இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் வெந்திருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும், கரண்ட் வந்ததும் மிச்சத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஓவன் இல்லையென்றால் கனமான இரும்புச் சட்டி போதும். சட்டியின் அடியில் கல் உப்பைப் பரப்பி (வாலிநோக்கம் உப்பளம் இருக்கிற மாவட்டத்தில் கல் உப்புக்கா பஞ்சம்?), அதன் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் பத்து நிமிஷம் சூடாக்குங்கள். மாவை நீள டின்னுக்குப் பதில் 7 அங்குல வட்ட கேக் டின்னில் போட்டால் சட்டிக்குள் அடங்கும். மூடி, சிறு தீக்குக் கொஞ்சம் மேலே 45 முதல் 50 நிமிஷம். மேல்பக்கம் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். முடிந்ததும் தோசைக்கல்லில் கவிழ்த்து மூன்று நிமிஷம் வைத்தால் சிவந்துவிடும். இரும்புச் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைக்கும் வேலையை ராத்திரியே யாரிடமாவது சொல்லி முடித்துவிடுங்கள். அந்த உப்பைச் சமையலுக்குச் சேர்க்க முடியாது, அடுத்த பிரட்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வெந்ததா என்று பார்க்க அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டச் சொல்வார்கள். நமக்கு வேண்டாம் அந்த வேலை, ஸ்பூனால் தட்டுங்கள். தவில் மாதிரி வெற்றோசை வந்தால் ஆயிற்று. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95 டிகிரி காட்ட வேண்டும்.

அறுப்பதும் வைப்பதும்

ஒரு மணி நேரமாவது ஆறவிடாமல் அறுத்தால் உள்ளே களி மாதிரி ஒட்டும். அதற்குள் மாத்திரை நேரம் வந்துவிடுமே என்றால், அன்றைய மாத்திரைக்குப் போன தடவை சுட்ட துண்டு ஃப்ரீசரில் இருக்கும். இன்று சுடுவது நாளைக்கு.

மீன் நறுக்கும் அருவாமனையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தள்ளி அறுத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு நல்ல சுகம்தான், ஆனால் பிரட் நசுங்கி நகரை மீன் வாடை அடித்தது. பல் வைத்த நீளக் கத்தியால் அழுத்தாமல் ரம்பம் போல இழுப்பதுதான் சரி. அதற்கும் கை வராத நாளில் முழு பிரட்டையும் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வீட்டில் யார் வருகிறார்களோ அவர்களை அறுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது.

எங்கள் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம் வந்துவிடும். வந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடும் வேலை கூடாது, முழுவதையும் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சணம் தள்ளிப்போகும், ஆனால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துக் காய்ந்துவிடும். ஃப்ரீசர்தான் சரி. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால், காலையில் ஒன்றை உருவித் தோசைக்கல்லில் போட்டு இரண்டு நிமிஷத்தில் சாப்பிடலாம். எனக்குச் சனிக்கிழமை ராத்திரி வாராந்திர மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை குமட்டலும் அசதியுமாக நான் ஆளே இல்லை. வியாழக்கிழமை கலந்து வெள்ளிக்கிழமை சுட்டால் அந்த ஞாயிறுக்கும் சேர்த்து ஓடிவிடும்.

தொட்டுக்கொள்ள முந்தின நாள் மீன் குழம்புக்கு மேல் எதுவும் இல்லை. அடுத்தபடி தேங்காய்ச் சம்பல். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து போகும் ஒரு தங்கச்சி முதல் தடவை என் பிரட்டைப் பார்த்ததும், "இது பாண் எல்லோ அக்கா!" என்றாள். பிரட்டுக்கு இலங்கையில் பாண் என்றுதான் பெயர், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல் அது. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகிற வரைக்கும் அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய கரை இது. எங்கள் பாட்டிமாருக்கும் பாண் தெரிந்திருக்கும். சம்பலை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இடிக்க வேண்டிய வேலையையும் அவளே இடித்துத் தந்துவிட்டுப் போவாள்.

கழுவுவது ஒன்று பாக்கி. மாவு ஒட்டிய கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றாதீர்கள், பசையாக இறுகிவிடும். பச்சைத் தண்ணீர் நிறைய ஊற்றி அப்படியே விட்டால் இரண்டு மணி நேரத்தில் மாவு தானாகக் கழன்று மிதக்கும். தேய்க்காமல் கொட்டிவிடலாம். கிண்ணத்தைத் தூக்கிக் கொட்டவும் முடியாத நாளில் அது தொட்டியிலேயே கிடக்கட்டும். கடலுக்குப் போனவர் திரும்பி வந்து கொட்டுவார்.